காத்தாடி லாபத்துக்காகத்தான் வந்தது, அதில் என்ன தப்பு?

கார்பனைக் குறைக்கப் போனால் தொழில் படுத்துவிடும் என்று இன்னமும் அடித்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால், ஒருமுறை பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பக்கம் நிற்கிற காத்தாடிகளில், அதாவது கரண்ட் எடுக்கிற காற்றாலைகளில், எத்தனையோ மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் வைத்தவை. அவர்கள் யாரும் பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் இல்லை. ஸ்பின்னிங் மில் ராத்திரி பகல் மூன்று ஷிப்ட்டும் ஓடும், பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட் பில். அதைக் குறைக்க வழி தேடியவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிடைத்தது, அவ்வளவுதான்.

1990களில் இன்னொரு தூண்டிலும் இருந்தது. காற்றாலையில் போட்ட முதலீடு முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றது வருமான வரிச் சட்டம். அதற்காக மட்டுமே காத்தாடி வைத்துவிட்டு, அது சுற்றுகிறதா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்காதவர்களும் உண்டு. சரி, அதுவும் நடந்தது. ஆனால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, தேனி, உடுமலை என்று கணவாய்க் காற்று வீசுகிற இடமெல்லாம் அப்படித்தான் நிரம்பியது. குஜராத்திலும் கதை இதேதான்: ஜவுளித் தொழிலில் கரண்ட் செலவு தாங்காமல் காத்தாடி வைத்த துளசி தந்திதான் 1995இல் சுஸ்லான் கம்பெனியைத் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2012 மின்வெட்டு நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும், காற்றுக் காலம் வந்தால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது, காற்று நின்றதும் பழைய கதைதான்.

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு: பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. 1990இல் விட்ட கார்பனில் ஏறக்குறைய பாதிதான் இப்போது விடுகிறார்கள், பொருளாதாரமோ அதற்குப் பிறகு நன்றாகவே வளர்ந்திருக்கிறது. அவர்கள் போடுகிற பனியனின் புகை திருப்பூர்க் கணக்கில் ஏறுகிறதே என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். அதனால்தான் திருப்பூர் எந்தக் கரண்டில் ஓடுகிறது என்பது முக்கியமாகிறது.

என் ஆதங்கம் என்னவென்றால், புதிய தொழில்நுட்பம் என்றாலே நம்மாட்கள் பச்சை ஹைட்ரஜன் (புகையில்லாத கரண்டில் தண்ணீரைப் பிரித்து எடுக்கிற எரிவாயு), கடலுக்குள் காற்றாலை என்று பறக்கிறார்கள். அதெல்லாம் வரட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் இந்தியாவிலேயே அருமையான காற்று அடிக்கிற முப்பந்தல் பகுதியில், முப்பது வருடத்துக்கு முந்தைய 225, 250 கிலோவாட் குட்டிக் காத்தாடிகள் இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனவே, அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இறக்கை நீளம் இரண்டு மடங்கானால் அது அள்ளுகிற காற்றின் பரப்பு நான்கு மடங்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. மேலே போகப் போகக் காற்று வேகமாகவும் சீராகவும் அடிக்கும். அந்தக் காலத்துக் கோபுரம் 30லிருந்து 50 மீட்டர், இப்போது வருபவை 120 மீட்டருக்கு மேல். 250 கிலோவாட் காத்தாடி பத்தின் திறன் இன்று ஒரே காத்தாடியில் அடங்கிவிடும். திறன்தான் சமமே தவிர விளைச்சல் சமமில்லை, மெல்லிய காற்றிலும் சுற்றுவதால் வருடக் கடைசியில் பார்த்தால் பழைய பத்தைவிடக் கூடுதல் யூனிட் தரும்.

அப்புறம் ஏன் மாற்றவில்லை? இடம் முதல் சிக்கல். பெரிய காத்தாடிகளுக்கு நடுவே அதிக இடைவெளி வேண்டும், கீழே இருப்பதோ ஆளுக்கு ஒன்றிரண்டு காத்தாடி வைத்திருக்கிற பல முதலாளிகள். அண்ணன் தம்பி பங்கே சுமுகமாகப் பிரியாத ஊரில் இவர்களைக் கூட்டுச் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமா?

பெரிய சிக்கல் பேங்கிங். ஆடியில் மிஞ்சுகிற யூனிட்டை ஈ.பி. கணக்கில் வரவு வைத்து, தையிலோ மாசியிலோ மில்லுக்கு எடுத்துக்கொள்கிற ஏற்பாடு அது. 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காத்தாடிகளுக்கு அப்படி வருடம் முழுக்கச் சேர்த்து வைக்கும் வசதி இல்லை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை நட்டால் இருக்கிற சலுகையும் போய்விடுமோ என்ற பயம் வந்தால் யார் கழற்றுவார்கள்? பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்றே மாநில அரசு 2024இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. கட்டணமும் பேங்கிங்கும் அங்கேயும் இழுபறிதான்.

ஈ.பி. பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லோரிடமும் கரண்ட் பொங்கி வழிகிற ஜூலையில் வாங்கி வைத்துக்கொண்டு, தட்டுப்பாடு வருகிற மாதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் இடையில் வருகிற நஷ்டம் யார் தலையில் விடியும்? உங்கள் வீட்டு பில்லிலும் என் வீட்டு பில்லிலும்தான். அனல் மின் நிலையத்தையோ ஒரு அளவுக்குக் கீழே இறக்க முடியாது, அதனால் நல்ல காற்று அடிக்கிற நாளில் காத்தாடியை நிறுத்தச் சொல்கிற கூத்தும் நடக்கிறது.

ஒரு நாளுக்குள் வருகிற ஏற்ற இறக்கத்துக்காவது வழி நம்மிடமே இருக்கிறது. மிஞ்சிய கரண்டில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற காடம்பாறை நிலையம் 1980களிலேயே வந்தது, 400 மெகாவாட். நீலகிரியில் குந்தாவில் அதே மாதிரி 500 மெகாவாட் கட்டுகிறார்கள், வருடக்கணக்கில் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பேட்டரி விலையும் முன்பு மாதிரி இல்லை, நன்றாகவே இறங்கிவிட்டது.

என்னைக் கேட்டால், கடலுக்குள் போவதற்கு முன்னால் முப்பந்தலை முடியுங்கள். பழைய காத்தாடியை மாற்றுகிறவருக்கு பேங்கிங் உண்டு என்று எழுதிக் கொடுங்கள், அதற்கு ஈ.பி.க்கு நஷ்டம் வராத அளவுக்குக் கட்டணம் வையுங்கள், அதைப் பத்து வருடத்துக்கு மாற்றாதீர்கள். மில்காரர்கள் முனகுவார்கள், சங்கத்தில் தீர்மானம் போடுவார்கள், ஆனால் கட்டுவார்கள். நாளைக்கு விதி மாறிவிடும் என்ற பயம்தான் அவர்களைக் கட்டிப் போட்டிருக்கிறது.