ஒரு கோபுரம் நட ஊரையே இடிக்க வேண்டுமா?

"பழைய கோப்பின் மேல் இதைப் போட்டு மாற்றிக்கொள்ளவும்." இந்த ஒரு வரியை எழுதி, ஸிப் கோப்போடு சேர்த்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இன்று கொட்டித் தீர்க்கப் போகிறேன். போதும். பொறுத்ததெல்லாம் போதும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஐஎல்-2 1946 என்ற போர் விமான விளையாட்டு 2006-இல் வந்தது. அதன் முதல் பதிப்பு 2001-இல் வந்தது. இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் உலகம் முழுவதும் ரசிகர்கள் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். புதிய விமானங்கள், புதிய நிலப்பரப்புகள், புதிய கட்டடங்கள் எல்லாம் அவர்களே செய்து சேர்க்கிறார்கள். சோவியத் தரைத்தாக்குதல் விமானம் ஒன்றின் பெயரைத் தாங்கி, கிழக்குப் போர்முனைக்காகப் பிறந்த விளையாட்டு இது. பசிபிக் தீவுகள் பின்னால் வந்து சேர்ந்தன. ஆகவே அதில் இருக்கும் வீடுகள் ரஷ்யக் கிராமத்து மரவீடுகள், ஐரோப்பிய நகரத்துச் சாய்கூரைக் கட்டடங்கள், தீவுகளின் குடிசைகள். நம் ஊரின் மேல் பறக்க வேண்டுமென்றால் நம் ஊரை நாம்தான் கட்ட வேண்டும்.

அதைத்தான் வேலூரின் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். காட்பாடியிலிருந்து கல்லூரித் தம்பி ஒருவனும் சேர்ந்து உழைக்கிறான். எங்களுக்கு வேண்டியது 1942-இன் வடஆற்காடு. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். போர்க்காலத்தில் அரக்கோணத்தில் விமானத்தளம் இருந்தது. இன்று அங்கே கடற்படையின் ராஜாளி தளம் 1992 முதல் இயங்குகிறது. ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் அரக்கோணத்திலிருந்து எழும்பி, பாலாற்றின் மணலைப் பிடித்துக்கொண்டு மேற்கே வந்தால் இடப்பக்கம் வேலூர்க் கோட்டை தெரிய வேண்டும். இந்த ஒரு காட்சிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

நிலம் கிடைத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவுகள் எல்லாருக்கும் கிடைக்கின்றன. அவற்றைக்கொண்டு நண்பர் ஒருவர் மலைகளையும் சமவெளியையும் செய்து கொடுத்தார். அந்த நிலத்தின் மேல் நிற்க வேண்டியவைதான் பாக்கி. பனைமரம், ஓட்டு வீடு, ஏரிக்கரை மதகு, கோட்டையின் கருங்கல் மதில், ஜலகண்டேஸ்வரர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம், வாலாஜா ரோடு ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து அந்த நிலையத்துக்குத்தான் வந்தது. அதை விட்டுவிட்டு வடஆற்காடு செய்தோம் என்று எப்படிச் சொல்வது?

கோட்டையையும் கோபுரத்தையும் நாங்களே பிளெண்டர் என்ற முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருளில் செய்தோம். அதில் பட்ட பாட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அது தொழில்நுட்பத்தின் இயல்பு. மதிலை ஒரே நீளப் பொருளாகச் செய்தால் சரிவான இடத்தில் ஒரு முனை மண்ணுக்குள் போகும், மறுமுனை காற்றில் தொங்கும். விளையாட்டின் எஞ்சின் அந்தப் பொருளின் மையப்புள்ளியை மட்டும்தான் நிலத்தோடு பொருத்துகிறது. சமவெளியில் நிற்கும் கோட்டைக்கு இது பெரிய தொல்லையில்லை. கிழக்கே முர்தாசாகட் மலைமேல் ஏறும் மதிலுக்குத் துண்டு துண்டாக வெட்டியே தீர வேண்டும். உருவத்தின் மேல் போர்த்தும் டெக்ஸ்சர் படத்தின் அளவு பிக்சலில் 256, 512, 1024 என்றுதான் இருக்க வேண்டும். கட்டடத்துக்கு நிற்கும் வடிவம் ஒன்று, குண்டு விழுந்தபின் இடிந்த வடிவம் ஒன்று என்று இரண்டு கேட்கிறது. 1942-இல் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் தெய்வம் இல்லை. லிங்கம் திரும்பி வந்தது 1981-இல்தான். "அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு" என்று ஊரார் சொல்லிச் சொல்லி ஏங்கிய இடம். அந்தக் கோபுரத்துக்கு இடிந்த வடிவம் செய்ய எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. நிற்கும் வடிவத்தையே இரண்டு இடத்திலும் கொடுத்துவிட்டோம். இதிலெல்லாம் உழைப்பு இருக்கிறது, உழைத்தால் பலனும் இருக்கிறது.

என் கோபம் அதற்குப் பிறகு வருவதைப் பற்றியது.

இந்த விளையாட்டில் வீடு, மரம் போல அசையாமல் நிற்கும் நிலைப்பொருள்களுக்கெல்லாம் ஒரே ஒரு பட்டியல். ஸ்டாடிக் ஐ.என்.ஐ. என்ற சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் சதுர அடைப்புக்குள் ஒரு பெயர், அதன் கீழே சில வரிகள்: உருவம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எதனால் ஆனது, எவ்வளவு அடி தாங்கும். அவ்வளவுதான். புதிதாக ஒரு பனைமரம் சேர்க்க வேண்டுமென்றால் மரத்தின் உருவத்தைக் கோப்புறையில் போட்டு, பட்டியலின் கடைசியில் அந்தச் சில வரிகளை எழுத வேண்டும். எந்தப் பொருள் எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஆக்டர்ஸ் ஸ்டாடிக் என்ற இன்னொரு கோப்பில், அந்தந்த நிலப்பரப்போடு இருக்கும். நிலப்பரப்பிலோ, மிஷன் எனப்படும் விளையாடும் பணியிலோ கேட்கப்படும் பெயர் பட்டியலில் இல்லையென்றால் கதை முடிந்தது. மிஷன் திறக்கும்போது சதவீதம் ஏறிக்கொண்டே வந்து அறுபதிலோ எழுபதிலோ நின்றுவிடும். எந்தப் பெயர் இல்லை, என்ன குறை என்று திரையில் ஒரு சொல் வராது.

இப்போது சொல்லுங்கள். ஒரே ஒரு பனைமரத்தைச் செய்தவர் என்ன கொடுக்க வேண்டும்? மரத்தையும் அந்தச் சில வரிகளையும். என்ன கொடுக்கிறார்கள்? தன் கணினியில் இருக்கும் முழுப் பட்டியலையும் தூக்கிப் போட்டு, "பழையதை மாற்றிக்கொள்ளவும்" என்கிறார்கள்! அவர் பட்டியலில் என் கோட்டை எப்படி இருக்கும்? என் ஓட்டு வீடுகள் எப்படி இருக்கும்? அவர் வைத்திருப்பது அவர் சேர்த்தவை மட்டும். அதை என் கோப்பின் மேல் போட்ட அந்த நொடியில் நான் மாதக்கணக்கில் சேர்த்த அத்தனையும் பட்டியலிலிருந்து போய்விடுகிறது. வீட்டுக்கு ஒரு நாற்காலி தருகிறேன் என்று வந்தவர், இருந்த சாமான்களையெல்லாம் தெருவில் எறிந்துவிட்டுத் தன் வீட்டுச் சாமான்களின் ஜாபிதாவைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனால் அவரை வாசல்வரை போய் வழியனுப்புவோமா?

நான் நகல் வைத்திருக்கிறேன், வரிகளைப் பிரித்தெடுக்கவும் தெரியும். ஆனால் அந்தக் காட்பாடித் தம்பியைப் போல இப்போதுதான் தொடங்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எழுதியிருக்கும் குறிப்பை நம்பித்தானே செய்வார்கள்? நள்ளிரவில் "அண்ணா, எழுபதில் நின்றுவிட்டது, எல்லாம் போய்விட்டது" என்று அவன் போனில் சொன்னபோது அவன் குரலில் இருந்தது அழுகை. குறிப்பில் சொன்னபடி வரி பிசகாமல் செய்திருந்தான். அவன் செய்தது அனைத்தும் சரி. குறிப்பு எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேட்டால் என்ன பதில் வருகிறது தெரியுமா? "எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து நிறுவிப் பாருங்கள்." இதைச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பல ஜிபி கணக்கில் மீண்டும் இறக்க வேண்டும், வேலூரின் மே மாத வெயிலில், எப்போது மின்சாரம் போகும் என்று தெரியாத பிற்பகலில். இறக்கி முடித்து அதே குறிப்பைப் பின்பற்றினால் அதே எழுபதில் வந்து நிற்கும்! நோயை விட்டுவிட்டு நோயாளியை மாற்றுவது என்ன வைத்தியம்? விளையாட்டின் அமைப்புகள் இருக்கும் கான்ஃப் கோப்பைத் திறந்து கன்சோல் பகுதியில் லாக் என்பதற்கு எதிரே 1 என்று போட்டால், பிழைகளெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும். காணாமல் போன பொருளின் பெயரைப் பெரும்பாலும் அதிலேயே பிடித்துவிடலாம். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பொறுமையாகச் சொல்லித் தர வேண்டிய இடத்தில், காதைக் கிழிக்கும் இசையோடு, கண்சிமிட்டும் நேரத்தில் கோப்புகளை இழுத்துப் போட்டுக் காட்டும் வீடியோக்கள்தான் இருக்கின்றன. எது எங்கே போனது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் புரியாது.

பெயர் வைப்பதிலும் அதே அலட்சியம். ஒருவர் தன் கோயிலுக்கு டெம்பிள்1 என்று பெயர் வைக்கிறார். இன்னொருவரும் டெம்பிள்1. ஒரே பட்டியலில் இரண்டும் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்களா? முன்னால் தன் அடையாளமாக இரண்டு எழுத்தைச் சேர்த்தால் முடிந்தது. இன்னும் சிலர் டெக்ஸ்சர் படத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் கொடுக்கிறார்கள். அந்தப் படம் வேறு யாரோ செய்த தொகுப்பில் இருக்கிறது என்பதை எங்கும் சொல்வதில்லை.

"இலவசமாகக் கொடுக்கிறார்கள், குறை சொல்லலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. உருவம் செய்கிற திறமைக்கு நான் கைகூப்புகிறேன். ஆனால் நான் சேர்த்து வைத்திருந்ததும் யாரோ இலவசமாகச் செய்ததுதான். பத்துப் பேரின் இலவச உழைப்பை ஒருவருடைய இலவசக் கோப்பு அழிக்கிறது. இதைவிடக் கொடுமை, முழுப் பட்டியல்கள் கைமாறிக் கைமாறிப் போகும்போது எந்தப் பொருளை யார் செய்தார் என்பதே தெரியாமல் போகிறது. இரவெல்லாம் கண்விழித்து ஒரு தண்ணீர்த் தொட்டியைச் செய்தவன் பெயர் எங்கே? இரண்டு எழுத்துக் கோப்புகளை ஒப்பிட்டு வித்தியாசமான வரிகளை மட்டும் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கொடுப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை அவர் மிச்சப்படுத்துவதற்காக வாங்குகிற ஒவ்வொருவரும் இரவுகளைத் தொலைக்க வேண்டுமா?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. டிசிஎஸ் வேர்ல்ட் என்ற இன்னொரு போர் விமான விளையாட்டில் கூடுதல் பொருள் ஒவ்வொன்றும் தனிக் கோப்புறையில், தனக்கென ஒரு நுழைவுக் கோப்போடு வருகிறது. வேண்டாமென்றால் அந்தக் கோப்புறையை எடுத்துவிட்டால் போதும், மற்றவை அப்படியே இருக்கும். அங்கே நம் நாட்டு நிலப்பரப்பு இல்லை என்பதால்தான் நாங்கள் பழைய விளையாட்டோடு கிடக்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டு ஒரே பட்டியலை வைத்திருப்பதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ரசிகர்கள் உள்ளே புகுந்து கட்டடம் கட்டுவார்கள் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. உள்ளே புகுந்த நாம்தான் ஒழுங்கோடு இருந்திருக்க வேண்டும்.

வேலூர்க் கோட்டையும் கோபுரமும் தயாரானதும் நாங்களும் பொதுவில் வைக்கப் போகிறோம். உருவங்கள் ஒரு கோப்புறையில் இருக்கும். டெக்ஸ்சர்கள் அத்தனையும் அதற்குள்ளேயே இருக்கும். பட்டியலில் சேர்க்க வேண்டிய வரிகள் மட்டும் தனி எழுத்துக் கோப்பில், எங்கே ஒட்ட வேண்டும் என்ற விளக்கத்தோடு தமிழில் இருக்கும். பனைமரம் செய்தவரின் பெயரும் மதகு செய்தவரின் பெயரும் முதல் வரியிலேயே வரும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதை வாங்கித் தன் முழுப் பட்டியலோடு கலந்து, "பழையதை மாற்றிக்கொள்ளவும்" என்று மறுபடியும் ஊருக்கு அனுப்புகிறவர் யாராக இருந்தாலும், பெயரைச் சொல்லி நேராகவே கேட்பேன்.