அப்பத்தாவின் சுருக்கங்கள் எங்கே போயின?

போன பொங்கலுக்குப் புதுப் போனில் அப்பத்தாவைப் படமெடுத்துக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இது, உங்க அத்தையா?" என்றாள். கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள். எண்பது வருடச் சுருக்கத்தைப் போன் இஸ்திரி போட்டு வைத்திருந்தது. பியூட்டி மோடு எதையும் நான் தொடவில்லை.

கேமரா ஊகிப்பது புதிதல்ல. உள்ளே வெளிச்சத்தை வாங்கும் சில்லு, அதாவது சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் வாங்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற இந்த யோசனையில்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் ஓடுகின்றன. அதே கோடாக்கில் 1975-ல் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா வெறும் 0.01 மெகாபிக்சல், அதாவது பத்தாயிரம் புள்ளிதான். ஒரு படம் கேசட்டில் ஏற 23 விநாடி! (அந்தக் கம்பெனியே 2012-ல் திவால் மனு கொடுத்தது தனிச் சோகக்கதை.)

நைட் மோடு மீதும் எனக்குக் கோபமில்லை. அடுத்தடுத்துப் பல ஃபிரேம்களை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிக்கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நகக்கண் அளவு சென்சாரில் திருவிழா இரவு பதிவது அதனால்தான். என்ன சேர்த்தாலும் அது அங்கே விழுந்த வெளிச்சம்.

விழாத வெளிச்சத்தை ஒட்டுவதுதான் என் சண்டை. 2023-ல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் போட்டு, சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களெல்லாம் படத்தில் வந்தன. நிலாவைச் செயற்கை நுண்ணறிவு அடையாளம் கண்டு விவரங்களை மெருகேற்றுகிறது என்று நிறுவனமும் விளக்கம் தந்தது. நிலா பரவாயில்லை, எல்லாருக்கும் ஒன்றுதான். அப்பத்தா எனக்கு மட்டும்தானே?

மெகாபிக்சல் போட்டி 200-ஐத் தொட்டாகிவிட்டது, சரி. இனி நம்பகத்தில்தான் போட்டி வரும் என்று நினைக்கிறேன். லைக்கா எம்11-பி என்ற கேமரா 2023-லேயே எடுக்கும்போதே படத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டது. எந்தக் கேமரா, பிறகு என்ன மாற்றினார்கள் என்று அதில் பார்க்கலாம். அது பணக்காரர் பொம்மை. என் போனில் அவ்வளவெல்லாம் வேண்டாம். "இந்த முகத்தில் இன்னதை மாற்றினேன்" என்று ஒரு வரியும், அதை அணைக்க ஒரு பொத்தானும் போதும்.

அதுவரை அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராதான். பீரோவிலிருந்து எடுத்து சார்ஜ் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன்.