நவம்பர் ஒன்றாம் தேதியும் சோம்பேறிப் பட்டமும்

அந்த வீடியோவை நேற்று இரவிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "நார்த் மெட்ராஸ் பசங்களுக்குத் திறமை இருக்கு, பிளானிங்தான் இல்ல. ஏர்லியா அப்ளை பண்ணச் சொன்னா பண்றதில்ல" என்று, வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு ஆலோசகர் பெரம்பூர் மேடையிலேயே நின்று சொல்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் பாதிப் பேர் நம்ம ஏரியாக்காரர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

நிதானமாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது சுறுசுறுப்புச் சமாச்சாரம் இல்லை, காசுச் சமாச்சாரம்.

'ஏர்லி டிசிஷன்' என்றால் நவம்பர் 1 வாக்கில் ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போட வேண்டும். இடம் கிடைத்தால் வந்தே தீருவேன், மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம். மாணவர், பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். உதவித்தொகை எவ்வளவு என்பது டிசம்பர் நடுவில் முடிவு வரும்போதுதான் தெரியும். பலன் சின்னதில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2023 டிசம்பரில் இப்படிப் போட்டவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அந்த வருட மொத்தக் கணக்கில் 5 சதவீதம்தான். (அந்த முன்வரிசையில் விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அடக்கம் என்று தெரியும். கமென்ட்டில் வந்து வகுப்பெடுக்க வேண்டாம்.)

என் அண்ணன் மகள் போன வருஷம் இதை எங்கள் வீட்டில் எடுத்தாள். அண்ணன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக கேட்டில் நுழையக் காத்துக் கிடக்குமே, அந்த வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு, மகள் அனுப்பிய ஒப்பந்தத்தைப் போனில் வரிவரியாகப் படித்திருக்கிறார். எனக்குப் போன் போட்டார். "ஏம்மா, காசிமேட்டுல மீனக்கூட விலை கேட்காம கூடையில போட மாட்டோம். இதுல தொகையே காணோம், கையெழுத்து மட்டும் கேக்குறான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மேடையில் பேசியவரிடமும் இருக்காது. விலையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் தைரியம், எந்த விலை வந்தாலும் கட்டக்கூடிய வீட்டில்தான் இருக்கும். அண்ணன் போடவில்லை. இதற்குப் பெயர் பிளானிங் இல்லாததா?

"உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாமே, அக்கா?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டார். விலகலாம். ஆனால் நம் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று முதலில் கணக்குப் போடுவது அவர்கள். ஓவர்டைம் இருக்கிற மாதம் ஒரு சம்பளம், இல்லாத மாதம் ஒரு சம்பளம் என்று வாழ்கிற வீட்டை உதவித்தொகைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அடைப்பது? மேல்முறையீடு, மெயில், பதில் மெயில் என்று அலைந்து முடிப்பதற்குள் டிசம்பர் போய்விடும். மற்ற இடங்களுக்குக் கடைசித் தேதி ஜனவரி முதல் வாரம்.

இன்னொன்றையும் அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல் பல்கலைக்கழகங்கள் மூன்றிலும் இந்தக் கையெழுத்து முறை உண்டு. மூன்றுமே வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதையும் பார்த்துத்தான் இடம் கொடுக்கின்றன. அதாவது முன்கூட்டிப் போய் நின்றாலும், காசில்லை என்று சொன்ன பிள்ளை காசில்லாத பிள்ளைதான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனில் அந்தக் கையெழுத்துக் கட்டாயமும் இல்லை, உதவி கேட்டதற்காகக் கழிப்பதும் இல்லையே என்பீர்கள். சரி, நல்ல விஷயம்தான். அங்கே இடம் கிடைப்பது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

நான் ஏதோ பொறாமையில் பேசுவதாக ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, 2006-இல் ஹார்வர்ட்டின் இடைக்காலத் தலைவராக இருந்த டெரெக் பாக்கே, முன்கூட்டிச் சேர்க்கும் முறை ஏற்கெனவே வசதி உள்ளவர்களுக்குத்தான் மேலும் வசதி செய்கிறது என்று சொல்லி அதை நிறுத்தினார். பிரின்ஸ்டனும் நிறுத்தியது. 2011-இல் இரண்டு பேரும் கையெழுத்துக் கட்டாயம் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள், அது வேறு கதை. அவருக்கும் எங்கள் தண்டையார்பேட்டைப் பொறாமையோ என்னவோ.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். விண்ணப்பத்தில் 'ஸ்கூல் கவுன்சலர்', அதாவது பள்ளி சார்பில் மாணவருக்காகப் படிவம் நிரப்பித் தருபவர், என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் பிள்ளை படித்த பள்ளியில் அப்படி ஒருவர் கிடையாது. கெமிஸ்ட்ரி டீச்சர்தான் கவுன்சலர் ஆனார். காலாண்டு விடைத்தாள் கட்டுகளைத் திருத்தி முடித்துவிட்டு, ராத்திரியில் போனிலேயே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். வெளியே மழை, கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. கவுன்சலரே தனியாக உட்கார்ந்திருக்கும் பள்ளியின் பிள்ளையோடு இவளை ஒப்பிட்டு, யார் சீக்கிரம் வந்தார்கள் என்று மார்க் போடுகிறீர்கள்!

"இவ்வளவு கஷ்டப்பட்டு அமெரிக்கா எதுக்கு? இங்கேயே நல்ல காலேஜ் இல்லையா?" இதைக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அண்ணா நகரில் ஒரு பிள்ளை அப்ளை செய்யும்போது இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா?

இன்னொரு கன்சல்டன்ட், இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்றவர், அண்ணன் மகள் விண்ணப்பத்துக்கு எழுதிய கட்டுரையைப் படித்தார். தெருமுனை கிளப்பில் கேரம் ஆடுவதைப் பற்றி எழுதியிருந்தாள். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு ஃபாலோவுக்கு வெள்ளை விழாமல் போகும் அந்த நொடியைப் பற்றியே ஒரு பக்கம். நன்றாக இருந்தது. "இதுல வலி இல்லையேம்மா. கொடுங்கையூர் குப்பைமேடு, ரவுடிசம், இப்படி ஏதாவது எழுது" என்றாராம். அவள் வந்து சொன்னபோது அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கு நேரத்துக்கு வரவும் தெரியாதாம், எங்கள் பிள்ளைகள் விற்பதற்குக் குப்பைமேடு மட்டும் வேண்டுமாம்.

வீடியோ ஆலோசகர் இந்த அக்டோபரில் ஒரு நாள் எங்கள் பக்கம் வரட்டும். மேடை, மைக், பொன்னாடை எதுவும் இருக்காது. அந்தக் கெமிஸ்ட்ரி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பித் தரட்டும், டீ நாங்கள் வாங்கித் தருகிறோம். ஃபீஸ் எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள்.