பூட்டு உடையவில்லை என்றால் திருட்டே நடக்கவில்லையா?

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை டீச்சருக்கு, திருட்டுப் போன நகைக்கு இழப்பீடு தர முடியாது என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்த கடிதத்தைப் பற்றி இங்கே நடக்கும் பேச்சைப் பொறுமையாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். "சாவியைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவருக்கு இன்சூரன்ஸ் எதற்கு?" என்று கோவை நண்பர் ஒருவர் எழுத, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள் விழுந்ததைக் கண்ட பிறகு பேசாமலிருக்க முடியவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். குடும்பம் பழனிக்குப் போயிருந்த இரவில் மாற்றுச் சாவி போட்டு வீட்டைத் திறந்து, நகையை எடுத்துக்கொண்டு, வாசற்கதவை மறுபடி பூட்டியும் போயிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. ஆனால் பலவந்தமாக நுழைந்த தடயம் இல்லாததால் இழப்பீடு இல்லை என்கிறது நிறுவனம். அதாவது, திருடன் கடப்பாரையோடு வந்திருந்தால் பணம் உண்டு. கைத்திறனோடு வந்ததால் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். விற்ற அன்று இதைச் சொன்னார்களா?

சட்டம் படித்த நண்பர்கள் 2004ஆம் ஆண்டின் ஹர்சந்த் ராய் வழக்கைக் காட்டுகிறார்கள். பாலிசியில் பலவந்தம் ஒரு நிபந்தனையாக எழுதப்பட்டிருந்தால், அது இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது உண்மை. அதே உச்ச நீதிமன்றம் 2019இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் என்ன சொன்னது என்பதை மட்டும் ஏன் ஒருவரும் எடுப்பதில்லை? அதுவும் பலவந்த நுழைவு இல்லை என்று மறுக்கப்பட்ட பர்க்ளரி பாலிசிதான், அதாவது புகுந்து திருடுவதற்கு எதிரான காப்பீடு. எதற்கெல்லாம் இழப்பீடு கிடையாது என்று சொல்லும் விலக்கு நிபந்தனைகள் பாலிசிதாரருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றால் அவற்றைக் காட்டி நிறுவனம் தப்ப முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. டீச்சருக்குக் கிடைத்தது பாலிசியின் சுருக்க விவரம் மட்டும் உள்ள ஒற்றைப் பக்க அட்டவணை. நிபந்தனைகள் அடங்கிய புத்தகத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது மறுப்புக் கடிதத்தோடு இணைக்கப்பட்டிருந்தபோதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவிலேயே, ஒருவர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதைக்கொண்டு அவர் வீட்டைத் திறந்து அத்துமீறி நுழைவதும் வீடுடைப்புக் குற்றம்தான் என்று உதாரணம் போட்டே விளக்கியிருக்கிறார்கள். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. குற்றவியல் சட்டத்துக்கு வீடுடைப்பாகத் தெரிவது பாலிசிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரித் தெரிகிறது. ஒப்பந்தம் வேறு, குற்றவியல் சட்டம் வேறு என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். வேறுதான். அந்த வேறுபாட்டை டீச்சருக்கு யார் சொன்னார்கள்?

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோபாலபுரத்தில் அம்மா தனியாக இருந்த காலத்தில், ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் வீட்டின் ஓட்டைப் பிரித்து ஒருவன் இறங்கியிருந்தான். அந்த வகையில் எங்கள் திருடன் பாலிசியைப் படித்துவிட்டு வந்தவன். நுழைந்த விதத்தில் நிறுவனத்துக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இழப்பை மதிப்பிட வந்த சர்வேயர் அம்மாவின் அட்டிகைக்குப் பில் கேட்டார். பாட்டி காலத்தில் ஆசாரியை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, பழைய நகையை உருக்கிச் செய்த அட்டிகை அது. அம்மா தன் கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டினார். "போட்டோவில் எடை தெரியாதும்மா" என்றார் சர்வேயர். அவர் கெட்ட மனிதர் அல்லர். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். அட்டிகைக்கு ஒரு பைசாவும் வரவில்லை. பணம் போனதைவிட, இல்லாத நகையைக் கேட்கிறவளாகத் தன்னைப் பார்த்துவிட்டார்களே என்றுதான் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதானே?" என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுக்கடனோடு வந்த பாலிசியை இப்போது எடுத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் விற்றாக வேண்டிய பொதுவான வீட்டுக் காப்பீடான பாரத் கிருஹ ரக்ஷாவாகவே அது பெரும்பாலும் இருக்கும். தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்ற ஒன்று நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் திருட்டுப் போனால் மட்டுமே அதில் திருட்டுக்கு இழப்பீடு. சாதாரண நாளில் வருகிற திருடனுக்குத் தனியாகப் பர்க்ளரி காப்பீடு வாங்க வேண்டும். நகைக்கும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா? டீச்சராவது பர்க்ளரி காப்பீட்டைத் தனியாக வாங்கியவர். "திருட்டுப் போனாலும் கவலை இல்லை டீச்சர்" என்று ஏஜென்ட் வீட்டுக்கே வந்து சொன்னபோது, அந்தத் திருடன் பூட்டை உடைத்தாக வேண்டும் என்பதையும் அதே வாயால் சொல்லியிருக்கலாம்.

பொய்க் கோரிக்கைகள் வருகின்றன, நிறுவனம் எச்சரிக்கையாகத்தான் இருக்கும் என்கிறீர்கள். இருக்கட்டும். அதை விசாரிக்கத்தானே சர்வேயர்?

"நகையை வீட்டில் வைப்பானேன், லாக்கரில் வைக்கக்கூடாதா?" என்று கேட்பவர்கள்தான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறார்கள். லாக்கரில் இருப்பதற்கு வங்கி காப்பீடு எடுப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2022 ஜனவரி முதல், அங்கே திருட்டுப் போனாலும் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கோடு முடிந்துவிடும். 2,000 ரூபாய் வாடகைக்கு 2 லட்சம். அதை வைத்து இன்றைய விலைக்கு என்ன வாங்க முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வீட்டில் வைத்தால் நம் தவறு, வங்கியில் வைத்தால் நம் பாடு. கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனால் அதற்கும் ஒரு புத்திமதி வைத்திருப்பீர்கள். நிறுவனத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க மட்டும் உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில் இருக்கிறது என்று சொல்லி, நோட்டரி கையெழுத்தோடு மொழிபெயர்ப்பு கேட்டு அலையவிட்ட கோவை அலுவலகத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எல்லையில் வாழ்கிறவர்களுக்குப் பாலிசி விற்கும்போது எந்த மொழியும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

டீச்சர் இப்போது நிறுவனத்துக்கே எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகப்போகிறார். அங்கே கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு சொல்ல ஆம்புட்ஸ்மனுக்கு அதிகாரம் உண்டு. டீச்சர் வீடு கேரளத்தில் இருப்பதால் கொச்சியில் கொடுக்கலாம், பாலிசி கொடுத்த கிளை கோவையில் இருப்பதால் சென்னையிலும் கொடுக்கலாம். கொச்சிதான் என்று முடிவு செய்திருக்கிறோம். இதற்கிடையில் அதே ஏஜென்ட், பாலிசியைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது என்று கைகூப்பும் படத்தோடு டீச்சருக்கு வாட்ஸப் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது, பிரீமியத்தைக் கட்டத்தான் வேண்டும்.