வரைபட ஆழ எண் சராசரி அல்ல

"கடல் வரைபடத்து ஆழம் சராசரிதான், வற்றில் ஒரு மீற்றர் குறையும்" என்று திருகோணமலை வள்ளக்காரர் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

அந்த எண்கள், கடல் ஏறத்தாழ ஆகக் கீழே வற்றும் மட்டத்திலிருந்து கணக்கிட்டவை. மீற்றர் அலகு வரைபடத்தில் 4 போட்டுப் பக்கத்தில் சின்னதாக 2 இருந்தால் 4.2 மீற்றர். வற்றுப்பெருக்கு அட்டவணை 0.5 மீற்றர் காட்டும் நேரத்தில் அங்கே 4.7 மீற்றர் தண்ணீர் நிற்கும். அடிக்கோடிட்ட எண் ஆழமே அல்ல, வற்றில் வெளித்தெரியும் திட்டின் உயரம்.

மீன் காட்டும் கருவி தன் சென்சருக்குக் கீழேதான் அளக்கும். சென்சர் நீருக்குள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அதையும் கூட்டாமல் வரைபடத்தோடு ஒப்பிட்டால் ஆழம் குறைவாகத்தான் தெரியும்.

வரைபடத்தின் தலைப்புப் பகுதியில் அடிமட்டமும் (ஆழத்தை எந்த மட்டத்திலிருந்து கணக்கிட்டார்கள் என்பது) அலகும் அச்சிட்டிருக்கும், பாருங்கள். 1 பாகம் (fathom என்ற ஆழ அலகு) 1.83 மீற்றர், மீற்றரைப் பாகமென்று வாசித்தால்தான் வள்ளம் தரை தட்டும். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.