அந்தக் கருத்த பக்கம்

"குண்டர் சட்டத்தில் அடைப்பு" என்ற செய்தி நாளிதழில் நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே, விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் தடுப்புக்காவல் அது. அந்த நான்கு வரிக்குப் பின்னால் இருக்கும் காகிதக் கட்டை ஒருமுறை கையில் வாங்கிப் புரட்டியிருக்கிறேன். தெரிந்த அம்மா ஒருவர் கொண்டுவந்தார். முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலங்கள், வேறு யாரோ ஒருவருக்குக் கிடைத்த ஜாமீன் உத்தரவு. நடுவில் ஒரு பக்கம், நகலுக்கு நகல் எடுத்துக் கருந்திட்டாகக் கிடந்தது. "இதில் என்ன தம்பி எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். என்னாலும் படிக்க முடியவில்லை. ஏழு மாதம் கழித்து, அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவில் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அவருடைய மகன் வெளியே வந்தான்.

நகல் தெளிவில்லை என்பது அற்பக் காரணம் அல்ல. படிக்க முடியாத குற்றச்சாட்டுக்கு ஒருவன் எப்படிப் பதில் எழுதுவான்? அடைத்ததற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு மறுப்பு எழுதுவது, அரசமைப்புச் சட்டத்தின் 22(5) பிரிவு கொடுக்கும் உரிமை. ஆனால் அவனை அடைத்து வைக்கத் தேவை இருந்ததா என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லையே, அதுதான் என்னை உறுத்துகிறது. நகல் எடுத்தவர் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால், விசாரணையே இல்லாமல் பன்னிரண்டு மாதமும் உள்ளேயே கிடந்திருப்பான்.

1950இல் தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாநிலச் சிறையிலிருந்து தொடுத்த வழக்கில், சட்டம் வகுத்த நடைமுறைப்படி அடைத்திருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் சொன்னது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆவது பிரிவு இப்படி விரிந்துகொண்டே வந்திருக்கிறது. அடுத்த பிரிவோ அசையவில்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் 22ஆவது பிரிவே, தடுப்புக்காவலில் இருப்பவருக்கு இவை இரண்டும் கிடையாது என்றும் சொல்கிறது.

ரவுடிகள் ஜாமீனில் வந்து சாட்சிகளை மிரட்டுகிறார்களே என்பார்கள். உண்மைதான், அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யக் கேளுங்கள், சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுங்கள், வழக்கை விரைந்து நடத்துங்கள். சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக்காவல் செல்லாது என்று 2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்கொணர்வு மனு வந்ததும் நீதிமன்றம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். நகலின் தெளிவை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெருக்கடிநிலையின் கொடுமையைக் கண்ட நாடாளுமன்றம், 44ஆவது திருத்தத்தில், தடுப்புக்காவல் ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. 1978இல் நிறைவேறிய திருத்தம். அந்த ஒரு பகுதியை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை இதுவரை எந்த மத்திய அரசும் வெளியிடவில்லை.