மாட் செய்வதும் டெவலப்மென்ட்தான்

சனிக்கிழமை கிண்டி பக்கம் நடந்த அந்த கேம் டெவலப்மென்ட் நிகழ்ச்சி வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. அந்தத் தம்பி எழுந்து நின்று, "சார், நான் கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு மேப் பண்றேன், அதை ரெஸ்யூம்ல போடலாமா?" என்று கேட்டான். மேடையில் இருந்தவர், "அடுத்தவன் கட்டின வீட்டுக்கு நீ பெயிண்ட் அடிச்சிருக்க, அது எப்படிப்பா நீ கட்டின வீடாகும்?" என்றார். அரங்கமே சிரித்தது. தம்பி உட்கார்ந்துவிட்டான்.

சிரித்தவர்களில் பாதிப் பேராவது அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் பிஜிஎம்ஐ, அதாவது பப்ஜியின் இந்தியப் பதிப்பை, ஆடியிருப்பார்கள். அந்த விளையாட்டின் வேரே ஒரு மாட்தான் (அடுத்தவர் செய்த விளையாட்டை ஆடுகிறவர்களே எடுத்து மாற்றிச் செய்வது; ஆட்டம் நடக்கும் களமான மேப் செய்வதும் அதில் சேர்த்தி) என்று எடுத்துச் சொல்ல மேடையில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாட் செய்வதும் டெவலப்மென்ட்தான். இதை இந்தப் பதிவில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கையே எடுத்துக்கொள்வோம். அதுவும் ஹாஃப் லைஃப் என்ற துப்பாக்கி விளையாட்டுக்குச் செய்த மாட்தான். 1999 ஜூனில் அதன் முதல் பீட்டா (சோதனைப் பதிப்பு) வந்தபோது அதற்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. அதைச் செய்த மின் லீ, கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக மாணவர். அதற்கு முன்பே குவேக் விளையாட்டுக்கு நேவி சீல்ஸ் என்று ஒரு மாட் செய்து, ஆக்‌ஷன் குவேக் 2-விலும் வேலை பார்த்துக் கை பழகியவர். அவருடன் ஜெஸ் கிளிஃப். நாம் நெட் சென்டரில் காது கிழியக் கேட்ட "ஃபயர் இன் த ஹோல்" அவருடைய குரல்தான். ஹாஃப் லைஃப் 1998 நவம்பரில் வந்தது. அதன் மேல் இவர்கள் துப்பாக்கிகளைச் செய்தார்கள், புரோகிராம் எழுதினார்கள், பீட்டா மேல் பீட்டாவாக விட்டார்கள், ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தினார்கள். வெடிகுண்டு வைப்பது, செயலிழக்க வைப்பது எல்லாம் முதல் பீட்டாவில் கிடையாது. நான்காவது பீட்டாவில்தான் வந்தது. கூடவே டஸ்ட் மேப்பும் வந்தது. அதைச் செய்த டேவ் ஜான்ஸ்டனுக்கு அப்போது 16 வயது. பதினாறு! நம் ஊரில் அந்த வயதில் பிள்ளையின் கையில் இருக்கும் மவுஸைப் பிடுங்கி வைப்பார்கள்.

ஹாஃப் லைஃபைச் செய்த வால்வ் கம்பெனி 2000-இல்தான் உரிமையை வாங்கியது, இருவரையும் வேலைக்கும் எடுத்தது. அந்த வருட நவம்பரில் விளையாட்டு கடைக்கு வந்தது. அதாவது ஊர் உலகமெல்லாம் ஆடி முடிவு சொன்ன பிறகுதான் கம்பெனி உள்ளே வந்தது.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஹாஃப் லைஃபே இட் சாஃப்ட்வேரின் குவேக் எஞ்சினை (விளையாட்டை ஓட்டும் அடிப்படை புரோகிராமை) உரிமம் வாங்கி, மாற்றி எழுதிச் செய்ததுதான். அப்படியானால் வால்வும் பெயிண்டர்தானா சார்? டீம் ஃபோர்ட்ரஸ், 1996-இல் ஆஸ்திரேலியாவில் மூன்று பேர் குவேக்குக்குச் செய்த மாட். அவர்களில் இருவரையாவது வால்வ்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தது. பப்ஜியின் கதையும் இதேதான். ஆர்மா 2 என்ற ராணுவ விளையாட்டுக்கு டீன் ஹால் டேஇசட் என்று ஒரு மாட் செய்தார். அதை வைத்து பிரெண்டன் கிரீன் பேட்டில் ராயல் (கடைசிவரை உயிரோடு இருப்பவரே ஜெயிக்கும் ஆட்டம்) மாட் செய்தார். 2017-இல் அவர் கையிலிருந்து பப்ஜி வந்தது. இவ்வளவும் பொதுவில் கிடக்கும் தகவல். மைக் பிடிக்கும் முன் ஒரு பத்து நிமிடம் தேடியிருக்கலாம்.

பெயிண்ட் என்கிறாரே, ஒரு மேப் செய்து பார்த்திருக்கிறாரா? நான் செய்திருக்கிறேன். புரசைவாக்கத்தில் ஒரு மாடியில் இருந்த நெட் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிக்கொண்டிருந்த காலம். ரங்கநாதன் தெருவை மேப்பாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மாம்பலம் ரயில் நிலைய முனையில் ஏ சைட், அதாவது வெடிகுண்டு வைக்கும் இடம். கடை போர்டுகளை நண்பனின் டிஜிட்டல் கேமராவில் எடுத்து வந்தேன். ஒவ்வொரு படமும் 256 நிறங்களுக்குள் அடங்க வேண்டும், நீளமும் அகலமும் பதினாறின் மடங்காக இருக்க வேண்டும். ஜவுளிக்கடை போர்டின் சிவப்பு மங்கிப்போய்ப் பழுப்பாகிவிடும், மறுபடி உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். அப்புறம் கம்பைல், வரைந்ததை விளையாட்டில் ஓடும் ஃபைலாக மாற்றும் வேலை. இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் 'லீக்' என்று வந்துவிடும். ஓட்டைக்கு வழி காட்டும் பாயின்ட்ஃபைலை எடிட்டரில் ஏற்றினால் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே தெரு முழுக்க நகர்ந்து போனால் ஏதோ ஒரு படிக்கட்டுக்குப் பின்னால் ஓட்டை இருக்கும். அடைத்துவிட்டு மறுபடி ஓட விட்டால் வெளிச்சக் கணக்குக்கே ராத்திரி முழுக்க ஓடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. தெரு நேராக இருந்ததால் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டு, விளையாட்டு திணறும். அதற்காகத் தெருவை நடுவில் ஒரு தள்ளுவண்டி வரிசையால் மறித்தேன். அது பார்வையை மறைத்தது, ஒளிந்துகொள்ளவும் இடமானது, ஆட்டமே மாறிப்போனது. சென்டர் அண்ணன் அதை எல்லா மெஷினிலும் ஏற்றி வைத்தார். பசங்க ஆடினார்கள், திட்டினார்கள், நான் மாற்றினேன்.

இன்று ஓஎம்ஆரில், ஐடி கம்பெனிகள் இருக்கும் அந்தச் சாலையில், எந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறேனோ, அதில் பாதியை அங்கேதான் கற்றேன். லாக் (புரோகிராம் எழுதி வைக்கும் பதிவு) படிப்பது, பிழையைத் துரத்துவது, ஆடுகிறவன் திட்டும்போது காது கொடுத்துக் கேட்பது. மாட் செய்வதும் டெவலப்மென்ட்தான்.

சரி, கமென்டில் என்ன வரும் என்று தெரியும். "நெட் சென்டரில் ஓடியது ஒரிஜினல் காப்பியா?" இல்லை. அதற்கும் மேப் செய்தவனின் உழைப்புக்கும் என்ன சம்பந்தம்? "துப்பாக்கி விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும்." அது வேறு விவாதம், இன்றைக்கு வேண்டாம்.

"ஆயிரத்தில் ஒருத்தன் மின் லீ ஆவான், மற்றவன் கதி என்ன?" இதுதான் நியாயமான கேள்வி. ஆமாம், பெரும்பாலான மாட்கள் பாதியில் நின்றுபோகும். ஆடக்கூட ஆள் வராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கல்லூரிகளில் கடைசி வருடம் செய்யும் புராஜெக்ட்களில் எத்தனையை யாராவது பயன்படுத்துகிறார்கள்? காசு கொடுத்து வாங்கி பைண்டிங் போட்டுக் கொடுத்ததெல்லாம் ரெஸ்யூமில் ஏறுகிறது. யாரும் சொல்லாமல், மார்க் வராமல், ஆசைப்பட்டுச் செய்தது மட்டும் ஏறக் கூடாதா?

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை எழுதியதில்லை. பிளேஸ்மென்ட் நேரத்தில் என் ரெஸ்யூமில் அந்த மேப்பைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதைச் சரிபார்த்தவர் சிவப்புப் பேனாவால் அடித்தார். "கேம் ஆடுற பையன்னு நினைச்சிடுவாங்கப்பா" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் முழுக்க முழுக்கச் சொந்தமாகச் செய்த ஒரே வேலை அந்த வரிதான். மற்ற வரியெல்லாம் எல்லார் ரெஸ்யூமிலும் இருந்தது. அந்தக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது. சனிக்கிழமை தம்பி உட்கார்ந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இந்த ஊரில் கேள்வி கேட்கிறவனைச் சிரித்து உட்கார வைப்பது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. வகுப்பில், வீட்டில், ஆபீஸ் மீட்டிங்கில், எல்லா இடத்திலும். அப்புறம் அதே மேடைகளில் "இந்தியாவிலிருந்து ஏன் உலகத்தரத்தில் ஒரு கேம் வரவில்லை" என்று ஒரு மணி நேரம் பேசுகிறோம்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போட்ட வீடியோவில் தம்பியின் கேள்வியை வெட்டிவிட்டு பதிலையும் சிரிப்பையும் மட்டும் வைத்திருக்கிறீர்கள். கேள்வியோடு சேர்த்து முழுசாகப் போடுங்கள். அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவனிடம் காட்டுங்கள். தம்பி, மேப்பை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய நெட் சென்டர் கூட்டம் மொத்தமும் ஆன்லைனில் இருக்கும், ஆடிப் பார்த்துவிட்டு எங்கே சரியில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறோம்.